ரேமில் 3200 என்று இருக்கிறது, கம்ப்யூட்டர் ஏன் 2400 காட்டுகிறது?

தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆன்லைன் விண்ணப்பம், பான் கார்டு, கரண்ட் பில் என்று அந்தத் தெருவுக்கே அந்த ஒரு சிஸ்டம்தான். அதில் 4 ஜிபி ரேம் ஒன்று மட்டும் இருந்தது. ஸ்கேனரையும் குரோமில் ஏழெட்டு டேபையும் சேர்த்துத் திறந்தால் மவுஸ் நகரவே யோசிக்கும். பாலிடெக்னிக் படிக்கும் அவருடைய பையன் கையில் சேர்த்து வைத்திருந்த காசில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று வாங்கி அவனே மாட்டிவிட்டான். மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணா, ரேம் மேல 3200ன்னு இருக்கு. டாஸ்க் மேனேஜர்ல 2400தான் காட்டுது. பழைய ரேம்ல புது ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்துட்டாங்களா?"

யாரும் அவனை ஏமாற்றவில்லை. ரேமும் நல்ல ரேம்தான். ஆனால் அவன் கேட்ட கேள்வியை மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அதிலும் 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போக ஆரம்பித்து ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு, தப்பான ரேமுக்குக் கொடுக்கும் காசு ரொம்பவே வலிக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 3200 எதைச் சொல்கிறது? ரேமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தகவல் போய்வர 64 தடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தடத்திலும் ஒரு நொடிக்கு 320 கோடி தடவை தகவல் கைமாறும் என்பதுதான் 3200. இதை மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வது கடை வழக்கம். சரியாகச் சொன்னால் மெகா டிரான்ஸ்ஃபர். ரேமின் உண்மையான கடிகாரத் துடிப்பு அதில் பாதி, அதாவது 1600 மெகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பு ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை என்று இரண்டு முறை தகவல் போவதால்தான் டிடிஆர் என்ற பெயரிலேயே 'டபுள்' இருக்கிறது. சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தவுடன் '1200' என்று பார்த்துப் பதறுகிறவர்கள் அதை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 64 தடம் என்றால் 8 பைட். 3200ஐ 8ஆல் பெருக்கினால் 25,600. நொடிக்கு 25,600 எம்பி. சில ரேம்களில் 3200 என்று போடாமல் பிசி4-25600 என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான்.

சரி, அந்த வேகம் யார் கையில் இருக்கிறது? மூன்று பேர் கையில். ப்ராசஸர், மதர்போர்டு, ரேம். மூன்றில் யார் குறைவாகச் சொல்கிறார்களோ அந்த எண்தான் நடக்கும்.

முன்னொரு காலத்தில் ரேமை ஆளும் கன்ட்ரோலர் மதர்போர்டில் தனிச் சிப்பாக இருந்தது. 2003இல் ஏஎம்டி அத்லான் 64இல் அதை ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுவந்தது; இன்டெல் 2008இல் கோர் ஐ7 முதல் தலைமுறையில் அதே வழிக்கு வந்தது. அன்றிலிருந்து "இந்த போர்டுக்கு எந்த ரேம்?" என்ற கேள்விக்கு போர்டின் பெயரை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. உள்ளே எந்த ப்ராசஸர் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். எச்61 என்ற சிப்செட் (போர்டில் இருக்கும் துணைச் சிப்) உள்ள ஒரே போர்டில் இரண்டாம் தலைமுறை ஐ3-2100 இருந்தால் 1333. அதையே எடுத்துவிட்டு மூன்றாம் தலைமுறை ஐ5-3470 போட்டால் 1600.

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் டியூஷன் சென்டர், பில்லிங் கவுன்ட்டர், பிரவுசிங் கடைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் இன்டெல் மெஷின்களை வைத்துச் சொன்னால் கணக்கு இப்படி வரும். நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 எல்லாம் டிடிஆர்3 1600. ஆறாம் தலைமுறையில் டிடிஆர்4 வந்தது, 2133. ஏழாவது 2400. எட்டாவதில் ஐ3-8100 அதே 2400, ஐ5-8400க்கு 2666. பத்தாவதில் ஐ5-10400க்கு 2666, ஐ7-10700க்கு 2933. பதினொன்றாவதில் 3200. பன்னிரண்டாவது தலைமுறை ஐ5-12400 இரண்டு வகையும் ஏற்கும்: டிடிஆர்4 என்றால் 3200, டிடிஆர்5 என்றால் 4800. ஆனால் போர்டு ஏதாவது ஒன்றுக்குத்தான் ஸ்லாட் வைத்திருக்கும். டிடிஆர்4 போர்டின் பெயரில் பெரும்பாலும் 'டி4' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா கடையில் இருப்பது ஐ3-8100. அதன் எல்லை 2400. கதை அங்கேயே முடிந்தது.

மதர்போர்டின் பங்கு என்ன? ப்ராசஸர் சொன்ன எல்லையைத் தாண்ட விடுவதா வேண்டாமா என்பதை இன்டெல் சிப்செட்தான் முடிவு செய்கிறது. இசட் வரிசைச் சிப்செட் தாண்ட விடும். நம்மூர் மிடில் கிளாஸ் சிஸ்டங்களில் இருக்கும் எச்110, எச்310, பி360, எச்410, பி460 எதுவும் விடாது. 2021இல் வந்த பி560தான் பி வரிசையில் முதன்முதலாக ரேமை வேகப்படுத்த அனுமதித்தது. எச்510, எச்610 இரண்டும் பழைய கட்டுப்பாட்டிலேயே இருக்கின்றன. போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் மெமரி என்ற இடத்தில் வரிசையாக எண்கள் போட்டிருப்பார்கள். சில எண்களுக்குப் பக்கத்தில் 'ஓசி' என்று இருக்கும். நம்மூர் ஓசி என்று நினைத்துவிடக் கூடாது. ஓவர்கிளாக் என்பதன் சுருக்கம் அது. அந்த வேகம் கிடைக்கலாம், ஆனால் ப்ராசஸர் நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது. அப்படி எழுதாத எண்தான் உறுதியான எண்.

மூன்றாவது ஆள் ரேம். இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம். ஒவ்வொரு ரேமிலும் ஒரு குட்டிச் சிப்பில் அதன் ஜாதகம் எழுதியிருக்கிறது. எஸ்பிடி என்று பெயர். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் போர்டில் முதலில் ஓடும் பயாஸ் என்ற மென்பொருள் அதைப் படித்து, 'நீ என்னென்ன வேகத்தில் ஓடுவாய்' என்று தெரிந்துகொள்கிறது. ஜெடெக் என்ற பொது அமைப்பு வகுத்த தர வேகங்கள் அதில் இருக்கும். இதற்கு மேல், இன்டெல் 2007இல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற தனிப் பகுதியும் சில ரேம்களில் இருக்கும். தர வேகத்தைத் தாண்டி ஓடுவதற்கான எண்கள் அங்கே இருக்கும். அவை தானாக நடக்காது, பயாஸுக்குள் போய் நாம்தான் ஆன் செய்ய வேண்டும்.

இப்போது ஒரு சிக்கலைப் பாருங்கள். வண்ணவண்ணமாக ஹீட் ஸிங்க் போட்ட 3600 ரேம் ஒன்று. அந்த 3600 எக்ஸ்எம்பி பகுதியில் இருக்கிறது. அதன் தர வேகம் பல ரேம்களில் 2133 அல்லது 2400ஓடு நின்றுவிடும். இதை வாங்கி எச்410 போர்டில், ஐ5-10400ஓடு போடுகிறீர்கள். அந்த ப்ராசஸருக்கு 2666 வரை இடம் இருக்கிறது. ஆனால் எக்ஸ்எம்பி வேலை செய்யாத போர்டில் ரேம் 2133இல் போய் உட்கார்ந்துவிடலாம். பக்கத்துக் கடையில் ஹீட் ஸிங்க் எதுவும் இல்லாமல் பச்சை போர்டாக இருக்கும் சாதாரண 2666 ரேம் குறைந்த விலைக்கு வாங்கி அதே சிஸ்டத்தில் போட்டால் முழு 2666 கிடைக்கும். எச் வரிசை போர்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெட்டியின் மேலே பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அந்த ரேமின் எஸ்பிடி வேகம் என்ன என்று கேளுங்கள். கடையில் சிபியு-இசட் திறந்து எஸ்பிடி பக்கத்தைக் காட்டச் சொன்னால் இரண்டு நிமிஷ வேலை.

ஒரு ரேமைக் கையில் எடுத்து அதன் லேபிளைப் படித்துவிடலாம். '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-யூஏ2-11' என்று இருக்கிறது. 1ஆர் என்றால் ஒரு ரேங்க், அதாவது 64 தடத்தையும் நிரப்பும் சிப் தொகுதி ஒன்று. எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் 8 பிட். எட்டுச் சிப், எட்டு பிட், மொத்தம் 64. முன்னால் சொன்ன 64 தடம். பிசி4 என்றால் டிடிஆர்4. 2666 வேகம். ஒட்டியிருக்கும் 'வி' தாமதத்தைச் சொல்லும் எழுத்து. கேட்ட தகவலைக் கொடுக்க ரேம் எத்தனை துடிப்பு எடுக்கும் என்ற அந்த எண்ணுக்குப் பெயர் சிஎல். வி என்றால் சிஎல் 19. 2400க்கு 'டி' என்றால் 17, 3200க்கு 'ஏஏ' என்றால் 22. கோட்டுக்குப் பின்னால் வரும் 'யூ' தான் உயிர் எழுத்து. யூ என்றால் நம் டெஸ்க்டாப் ரேம். எஸ் என்றால் லேப்டாப். ஆர் என்றால் ரிஜிஸ்டர்டு, சர்வருக்கு உரியது. சாதாரண போர்டில் போட்டால் டிஸ்ப்ளே வராது. டிடிஆர்3 லேபிளில் பிசி3-12800 என்று இருந்தால் 8ஆல் வகுங்கள், 1600. பிசி3எல் என்று ஒரு எல் இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும் வகை. ஆறாம் தலைமுறை ப்ராசஸரோடு டிடிஆர்3 ஸ்லாட் வைத்து வந்த சில எச்110 போர்டுகள் உண்டு. அவற்றில் இந்த எல் வகைதான் போட வேண்டும். பழைய 1.5 வோல்ட் ரேம் அந்த ப்ராசஸருக்கு நல்லதில்லை.

எல் வகை ஒரு பக்கம் இருக்கட்டும், வேறு தலைமுறை ரேமைத் தெரியாமல் மாட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். டிடிஆர்3இல் 240 பின், டிடிஆர்4இலும் 5இலும் 288. நடுவில் உள்ள வெட்டு மூன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்லாட்டில் இறங்கவில்லை என்றால் இறங்கக் கூடாது என்றுதான் அர்த்தம். அழுத்தி இறக்கி ஸ்லாட்டையே உடைத்த போர்டுகள் என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

செகண்ட்ஸ் வாங்கும்போது எனக்கே ஒருமுறை நடந்தது. டிடிஆர்3 8 ஜிபி ஒன்று நல்ல விலையில் கிடைத்ததென்று வாங்கிவந்தேன். எச்81 போர்டில் போட்டால் மூன்று பீப், டிஸ்ப்ளே இல்லை. பக்கத்தில் இருந்த பழைய ஏஎம்டி போர்டில் போட்டேன், பட்டென்று வந்தது. திருப்பிப் பார்த்தால் 16 சிப். ஒவ்வொன்றும் 4 பிட் வகை, அதாவது எக்ஸ்4. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் இந்த எக்ஸ்4 சிப்பை ஏற்பதில்லை. வேகம், வோல்ட், பின் எல்லாம் பொருந்தியும் ரேம் ஓடாத இடம் இது. இப்போது செகண்ட்ஸில் டிடிஆர்3 8 ஜிபி மட்டும் மற்றதைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தால் முதல் வேலையாக லேபிளில் எக்ஸ்8 இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். பர்மா பஜாரோ ரிச்சி ஸ்ட்ரீட்டோ, எங்கே வாங்கினாலும் அங்கேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் போர்டையே கொண்டுபோங்கள்.

பழைய ரேமோடு புது ரேம் சேர்க்கலாமா? சேர்க்கலாம். 2400 ஒன்றும் 3200 ஒன்றும் சேர்ந்தால் இரண்டும் 2400இல் ஓடும். தாமதத்திலும் எது அதிகமோ அதுவே இரண்டுக்கும். தர வேகத்தில் ஓடும்போது இந்தக் கலவை பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. எக்ஸ்எம்பி ஆன் செய்துவிட்டு இரண்டு கம்பெனி ரேமைக் கலந்தால்தான் ப்ளூ ஸ்கிரீன் வர ஆரம்பிக்கும். சந்தேகம் இருந்தால் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்தக் கலவை வேண்டாம்.

இவ்வளவு வேகத்தைப் பற்றிப் பேசியாயிற்று. ஆனால் காசு போடுவதில் வேகத்துக்கு முன்னால் நிற்க வேண்டியது இரண்டாவது ரேம் ஸ்டிக். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்பதை நாம் பார்க்கிறோம். லாரிக்கு எவ்வளவு வேகமான இன்ஜின் இருந்தால் என்ன, உள்ளே விடுவது ஒரு கேட் என்றால் வரிசை நகராது. இரண்டாவது கேட்டைத் திறந்தால் மெதுவான லாரிகூடச் சீக்கிரம் உள்ளே போகும். ரேமில் அந்த இரண்டாவது கேட்தான் டூயல் சேனல். ஒரே ஒரு 3200 ரேம் நொடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும். இரண்டு 2400 ரேம் சேர்ந்து 38.4 ஜிபி. பழைய வேகம், ஆனாலும் ஒன்றரை மடங்கு. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல், ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸையே நம்பி இருக்கும் ஏஎம்டியின் ரைசன் 5600ஜி மாதிரியான சிஸ்டங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அந்த கிராஃபிக்ஸுக்கு மெமரியே இந்த ரேம்தான். 16 ஜிபி ஒன்றாக வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும் பெரும்பாலும் சரியான ஜோடி. போர்டு புத்தகத்தில் படமே போட்டிருப்பார்கள். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டுவிட்டு ஒரு சேனலிலேயே வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

4 ஜிபியும் 8 ஜிபியும் கலந்தால்? இன்டெல் போர்டில் இரண்டு பக்கமும் 4, 4 ஆக எடுத்து 8 ஜிபியை டூயல் சேனலில் ஓட்டும், மீதி 4 ஜிபி ஒற்றைச் சேனலில் ஓடும். அதுவும் லாபம்தான்.

தாமதம் என்று சொன்னேனே, சிஎல். அந்த எண்ணை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோநொடி வரும். 3200 சிஎல் 22 என்றால் 13.75. 2400 சிஎல் 17 என்றால் 14.2. அதாவது தர வேக ரேம்களில் தாமதம் ஏறக்குறைய ஒன்றேதான். ஜெராக்ஸ் கடைக்கும் கல்லூரி புராஜெக்ட்டுக்கும் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

புது சிஸ்டம் கட்டுகிறவர்களுக்குச் சில விஷயம். ரைசன் 3000, 5000 வரிசையில் ப்ராசஸரின் உள் இணைப்பு, ரேமின் துடிப்போடு சேர்ந்து ஓடுகிறது, பொதுவாக 3600 வரை. ஏ320 போன்ற மலிவு ஏஎம்டி போர்டுகூட எக்ஸ்எம்பியை ஆன் செய்ய விடும் என்பதால் அங்கே 3200, 3600 எடுப்பது வீண் இல்லை. ரைசன் 7000 உட்காரும் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும்தான். ரைசன் 7000க்கு இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. நான்கு போட்டால் நிறுவனம் உறுதி தருவது 3600தான். அதனால் "இப்போ ரெண்டு போடுவோம், அப்புறம் ரெண்டு சேர்த்துக்கலாம்" என்ற நம் வழக்கமான திட்டம் டிடிஆர்5இல் சரிவராது. தேவையான அளவை முதலிலேயே இரண்டு ஸ்டிக்கில் வாங்கிவிடுவது நல்லது. இன்னொன்று, டிடிஆர்5 போட்டு முதல் தடவை ஆன் செய்யும்போது திரை பல நிமிஷம் கறுப்பாகவே இருக்கலாம். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து பவரை நிறுத்திவிடாதீர்கள், காத்திருங்கள்.

கடற்கரை ஓரம் இருக்கும் நமக்கென்று ஒரு விஷயமும் உண்டு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளிலிருந்து "டிஸ்ப்ளே வரலை, ரேம் செட் ஆகலை போல" என்று வரும் சிஸ்டங்களில் பாதிக்கு மேல் பொருத்தக் கோளாறே கிடையாது. உப்புக் காற்றும் ஈரமும் தங்க முலாம் பூசிய பின்களின் மேல் மங்கலாக ஒரு படலம் போட்டுவிடுகிறது. கரண்ட் ஒயரை உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, ரேமை எடுத்துப் பின் வரிசையை வெள்ளை ரப்பரால் ஒரே பக்கமாக மெதுவாகத் தேயுங்கள். துகளைப் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஸ்லாட்டையும் பிரஷ்ஷால் ஒருமுறை. பிறகு வெட்டைப் பார்த்து வைத்து, இரண்டு முனையையும் சமமாக அழுத்தினால் 'டக்'கென்று பூட்டு விழும். புது போர்டுகள் பலவற்றில் ஒரு பக்கம் மட்டும்தான் பூட்டு இருக்கும், மறுபக்கம் சரியாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இவ்வளவும் செய்து வரவில்லை என்றால்தான் ரேமை மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டும்.

பையனிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க ஒரு டீ நேரம் ஆனது. பழைய 4 ஜிபியை எடுக்காமல் இரண்டாவது ஸ்லாட்டிலேயே விட்டோம். 12 ஜிபி, 2400, டூயல் சேனல். அக்கா இப்போது ஸ்கேன் ஓடும்போதே அடுத்த ஆளுக்கு விண்ணப்பம் நிரப்புகிறார். ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 2400 வாங்கட்டுமா என்று அவன் கேட்டான். வேண்டாம் என்றேன். கடையில் விலை வித்தியாசம் அதிகம் இல்லை; அது எக்ஸ்எம்பி இல்லாத தர வேக 3200. நாளைக்கு ஒரு டி4 போர்டும் ஐ5-12400ம் வாங்கினால், அதே ஸ்டிக் அதில் எந்த செட்டிங்கும் தொடாமல் 3200 காட்டும்.